வருத்தம் பார்க்கப் போகிற ரீச்சருக்கு

கேள்வி:

எனக்கு 58 வயது, ஓய்வு பெற்ற ஆசிரியை. ஆறு வருடத்துக்கு முன் இடது மார்பில் புற்றுநோய் என்று கண்டு, மார்பை முழுதாக எடுத்து, கீமோவும் கதிர்ச் சிகிச்சையும் செய்தார்கள். இப்போது குளிசை மட்டும். சிகிச்சை முடிந்து இரண்டு வருடமானபோது, வார்டில் பழகிய ஒரு மிஸ், புதிதாக நோய் கண்ட ஒரு பெண்ணோடு என்னைக் கதைக்கச் சொன்னார். முதல் நாளே "ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ, என்னைப் போல நீங்களும் சுகமாகிடுவியள்" என்று சொன்னேன். பிறகு அவர் எனக்கு ஒரு தங்கச்சி மாதிரி ஆகிவிட்டார். இரவு பத்து மணிக்குப் போன் எடுத்து "நித்திரை வரேல்லை ரீச்சர்" என்பார். வெங்காய விலை, பிள்ளையின் ஸ்கொலர்ஷிப், எல்லாம் கதைப்போம். போன வருடம் அவர் போய்விட்டார். செத்தவீட்டுக்கு நான் போகவில்லை. அந்தத் தாய் என்னைப் பார்த்து "இவ இருக்கிறா, என்ரை பிள்ளை இல்லையே" என்று நினைப்பாவோ என்று பயம். இன்னும் இரண்டு கிழமையில் ஆட்டைத் திவசம். சொல்லியனுப்பியிருக்கிறார்கள்.

இதற்கிடையில் போன கிழமை எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓர் அம்மா பொழுதுபட்ட பிறகு பின்பக்கத்தால் வந்தார். அவருடைய மகளுக்கு 36 வயது, இரண்டு சின்னப் பிள்ளைகள். அதே வருத்தம். "ஒருக்கா வந்து பிள்ளையோடை கதையுங்கோ ரீச்சர்" என்று கையைப் பிடித்து அழுதார். என் கணவரோ "முடிஞ்ச கதையை ஏன் திருப்பிக் கிண்டுறீர்?" என்கிறார். எங்கள் மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கும் நேரம். நான் போகலாமா? போனால் என்ன சொல்வது? மறுபடியும் ஒரு பொய் சொல்ல என்னால் ஏலாது.

பெயர் வேண்டாம், தென்மராட்சி

பதில்:

அன்புள்ள ரீச்சர்,

கடைசி வரியில் இருந்தே தொடங்குகிறேன். நீங்கள் பொய் சொல்லவில்லை. உங்கள் கையில் இல்லாத ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள், அவ்வளவுதான். "பயப்பிடாதேங்கோ" என்பதில் ஒரு குறையும் இல்லை. பிசகு "என்னைப் போல" என்பதில் இருக்கிறது.

மார்பகப் புற்றுநோய் என்று ஒரு பெயரில் சொன்னாலும் உள்ளே பல நோய்கள். உங்களுக்கு இன்னும் குளிசை தருகிறார்கள் என்றால், உங்கள் கட்டி பெரும்பாலும் ஈஸ்ட்ரஜன் ஹோர்மோனை நம்பி வளர்கிற வகையாக இருந்திருக்கும். தமொக்சிபன், லெற்றசோல் போன்ற குளிசைகளை ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம் வரை கொடுப்பது அதைத் தடுக்கத்தான். ஹேர்2 என்ற புரதம் கூடிய கட்டி என்றால் அதற்கென்று வேறு ஊசி, வழக்கமாக ஒரு வருடத்துக்குப் போடுவார்கள். இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. இளம் பெண்களில் அதைச் சற்றுக் கூடுதலாகக் காண்கிறார்கள். அந்தக் குளிசைக்கும் அந்த ஊசிக்கும் அது மசியாது. இதற்கு மேல், எந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தார்கள், கக்கத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியதா, வேறு உறுப்புக்குப் போனதா என்ற கணக்குகள். நீங்கள் படிப்பித்தவர். ஒரே வகுப்பில் ஒரே பெயரில் இரண்டு பிள்ளைகள் இருந்தால், ஒன்றின் புள்ளியைப் பார்த்து மற்றதன் றிப்போட்டை எழுதுவீர்களா?

சரி, அப்படியென்றால் இரண்டு வருடம் இரவு பத்து மணிக்குப் போனை எடுத்தது வீண்தானா? இதை ஆராய்ச்சிக்காரர்களும் கேட்டிருக்கிறார்கள். 1989 இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்து மனநல வைத்தியர் டேவிட் ஸ்பீகல் ஓர் ஆய்வை வெளியிட்டார். நோய் பரவிய நிலையில் இருந்த பெண்கள் கிழமைக்கு ஒருமுறை கூடி மனம் விட்டுக் கதைத்தபோது, கூடாதவர்களை விடக் கூடுதல் காலம் உயிரோடு இருந்தார்கள் என்றது அது. உலகமே அதைத் தூக்கிப் பிடித்தது. 2001 இல் கனடாவில் பமீலா குட்வின் குழுவினர் 235 பெண்களை வைத்து அதையே பார்த்தபோது ஆயுள் கூடவில்லை. பின்னர் ஸ்பீகல் தானே திரும்பச் செய்த ஆய்விலும் அந்தப் பழைய முடிவு வரவில்லை. ஆனால் குட்வின் ஆய்வில் இன்னொன்று தெரிந்தது. கூடியிருந்து கதைத்தவர்களுக்கு மனப்பாரம் குறைந்தது, நோவு கூட அந்த அளவுக்கு ஏறவில்லை. முதலில் மிகவும் துவண்டு போயிருந்தவர்களுக்குத்தான் அது அதிகம் உதவியது.

உங்கள் தங்கச்சியின் உயிரைப் பிடித்து வைக்கிற பலம் உங்கள் பேச்சுக்கு இருக்கவில்லை. அவரைச் சாகவிட்டதும் உங்கள் பேச்சு இல்லை. நித்திரை வராத இரவுகளில் அவர் தனியே கிடக்கவில்லை என்பதை மட்டும் நீங்கள் செய்தீர்கள். சுகமாகிடுவேன் என்ற உறுதியை வாங்கவா அவர் பத்து மணிக்குப் போன் எடுத்தார்? நீங்களே எழுதியிருக்கிறீர்களே, வெங்காய விலை கதைத்தோம் என்று.

நான் பதினெட்டு வருடமாக உளவளத்துணை செய்கிறேன். கற்ற வித்தை முழுவதையும் வைத்துக்கொண்டு ஒரு நாள் சத்திர சிகிச்சை வார்டில் ஓர் இளம் பெண்ணின் கட்டிலருகே இருந்தேன். மறுநாள் அவருக்கு ஒப்பரேஷன். நான் என்னவெல்லாமோ சொல்லி முடித்த பிறகு, என்னைப் பார்த்து ஆறுதலாக, கோபம் கூட இல்லாமல், "உங்களுக்கு ரண்டும் இருக்குத்தானே மிஸ்" என்றார். என்னிடம் பதில் இல்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த ஓர் அம்மா எழுந்து வந்து திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுத் தன் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். "பார் பிள்ளை, இவ்வளவுதான்." அந்தப் பெண் கனநேரம் பார்த்தார். பிறகு ஒரு விரலால் அந்தத் தழும்பைத் தொட்டு, "நோகுமோ?" என்று கேட்டார். "நோகாது. விறைச்ச மாதிரி இருக்கும். மழைக்கு முந்திக் கொஞ்சம் இழுக்கும்" என்றார் அம்மா. ஒரு மணித்தியாலமாக நான் செய்ய முடியாததை அவர் இரண்டு நிமிடத்தில் செய்துவிட்டார். அவர் அந்தப் பெண்ணுக்கு ஒரு வாக்குறுதியும் கொடுக்கவில்லை என்பதை வீட்டுக்குப் போகும் வழியில்தான் யோசித்தேன்.

இது புதிதாக யாரும் கண்டுபிடித்த முறையும் இல்லை. 1952 இல் நியூயோர்க்கில் தெரேஸ் லாசர் என்ற பெண்ணுக்கு மார்பை எடுத்தார்கள். இனிக் கையை எப்படித் தூக்குவது, என்ன உடுப்புப் போடுவது, கணவரிடம் எப்படிச் சொல்வது, ஒன்றுக்கும் அவருக்கு விடை சொல்ல ஆளில்லை. சுகமானதும் தானே மற்றப் பெண்களைத் தேடி ஆஸ்பத்திரிகளுக்குப் போக ஆரம்பித்தார். கையில் ஒரு கயிறு, ஒரு பந்து, உள்ளே வைத்துக்கொள்ள ஒரு தற்காலிக மார்பு. கயிறும் பந்தும் கை அப்பியாசத்துக்கு. அனுமதி இல்லாமல் வருகிறார் என்று சில இடங்களில் அவரைத் துரத்தியும் விட்டார்கள். 1969 இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அதே வேலையைத் தன் திட்டமாக எடுத்துக்கொண்டது. பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. அப்படிப் போகிறவர்களுக்கு அங்கே கண்டிப்பான விதி ஒன்று உண்டு: வைத்திய ஆலோசனை சொல்லக் கூடாது. சிகிச்சை முடிந்து பொதுவாக ஒரு வருடமாவது போயிருக்க வேண்டும் என்றும் பார்ப்பார்கள். நீங்கள் அந்த எல்லையை எப்போதோ தாண்டிவிட்டீர்கள்.

எங்கள் ஊரில் அப்படித் திட்டம் என்று இல்லாத காலத்திலும் ஆட்கள் இருந்தார்கள். 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த காசில் தெல்லிப்பழையில் புற்றுநோய் ஆஸ்பத்திரிக் கட்டடம் எழும்புவதற்கு முன், எத்தனையோ பேர் இங்கிருந்து கொழும்புப் பக்கத்து மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார்கள். பஸ்ஸில் பக்கத்து சீற்றில் இருந்தவர்தான் அவர்களுக்கு வழிகாட்டி. எந்த வாசலால் போவது, எத்தனை மணிக்கு நம்பர் எடுப்பது என்பதில் தொடங்கி, தலைமயிர் கொட்டினால் என்ன செய்வது என்பது வரை.

இனி உங்கள் ஒழுங்கைப் பிள்ளை. உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். வந்து அழுதது தாய். அந்தப் பிள்ளை கேட்டாவா? கடிதத்தில் அது இல்லை. தாய்க்கு நீங்கள் வருவது பெரிய ஆறுதலாக இருக்கும், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 36 வயதுப் பெண் ஒருத்திக்கு, தன் உடம்பில் நடப்பதை ஒழுங்கையில் யாருக்குச் சொல்வது என்ற உரிமையாவது மிஞ்ச வேண்டும். நோய் வந்தவுடன் முதலில் பறிபோவது அதுதான். ஆகவே தாயிடம் இப்படிச் சொல்லி அனுப்புங்கள்: "ரீச்சருக்கும் இந்த வருத்தம் வந்தது. உனக்கு எப்ப கதைக்க வேணும் போல இருக்கோ அப்ப கதைக்கலாமாம். இப்ப வேண்டாமெண்டாலும் பரவாயில்லையாம்." கூடவே உங்கள் போன் நம்பர். அவர் ஒரு மாதம் எடுக்காமல் இருந்தால் ஒரு மாதம் பொறுங்கள்.

கூப்பிட்டால் போங்கள். ஆனால் "வருத்தம் பார்க்க" என்று நாங்கள் போகிற மாதிரிப் போகாதீர்கள். எங்களுக்குச் செத்தவீட்டுக்குப் போகத் தெரியும். அங்கே போய்ப் பேசாமல் இருந்தாலே போதும் என்று யாரும் சொல்லித் தராமலே தெரியும். வருத்தக்காரர் வீட்டுக்கு என்றால் மட்டும் நெஸ்டமோல்ட் பெட்டியும் தோடம்பழமுமாகப் போய், கதிரையில் இருந்து, தெரிந்த ஆட்களின் புற்றுநோய்க் கதையெல்லாம் சொல்லி, "எல்லாம் பழவினை" என்று ஒரு போடும் போட்டுவிட்டு வருவோம். வந்தவர் போன பிறகு அந்தப் பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும். உங்களுக்கும் அப்படி நாட்கள் இருந்திருக்கும்.

நீங்கள் போய் முதலில் கேளுங்கள். டொக்டர் என்ன சொன்னார் என்று கேட்கத் தேவையில்லை, "இரவில என்ன யோசிக்கிறீர் பிள்ளை?" என்று கேட்டால் போதும். சின்னப் பிள்ளைகள் இருக்கிறபடியால் பதில் எந்தப் பக்கம் போகும் என்று உங்களுக்கே தெரியும். அழுதால் "அழாதை" என்று சொல்லாதீர்கள். உங்கள் கதையைக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள், கேட்ட அளவுக்குச் சொல்லுங்கள். "எனக்கு இப்பிடி இருந்தது, உமக்கு வேறை மாதிரி இருக்கலாம்." இந்தப் பின்பாதியை ஒவ்வொரு முறையும் மறக்காமல் சேர்த்தால், நீங்கள் பயப்படுகிற பொய் வருவதற்கு இடமே இல்லை.

அப்புறம், உங்களிடம் மட்டும் இருக்கிற பொக்கிஷம் ஒன்று உண்டு. டொக்டருக்குச் சொல்ல நேரமில்லாத, எனக்குச் சொல்லத் தெரியாத சில்லறை விஷயங்கள். ஒப்பரேஷனுக்குப் பிறகு தொங்குகிற அந்தக் குழாயும் போத்தலும், முன்பக்கம் பொத்தான் வைத்த தளர்வான சட்டை இரண்டு முதலே தைத்து வைத்தால் எவ்வளவு உதவி என்பது. ஓட்டோவில் குலுங்கும்போது கைக்கடியில் ஒரு சின்னத் தலையணை. சிவப்பு நிறக் கீமோ மருந்து ஏற்றினால் ஓரிரு நாள் சலமும் சிவப்பாகப் போகும். யாரும் சொல்லாவிட்டால் அதை இரத்தம் என்று நினைத்து அந்தப் பிள்ளை பாத்ரூமில் நின்று நடுங்கும். முதல் கீமோவுக்கு இரண்டு, மூன்று கிழமையில் தலையணையில் கொத்தாக மயிர் கிடக்கும் என்பதையும், அதற்கு முன் தானாகவே கட்டையாக வெட்டிக்கொண்டால் கொஞ்சம் மனம் தேறும் என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால் அதையும் சொல்லலாம். சாப்பாட்டில் இரும்பு வாசம் அடிப்பது, தாளிதம் மணத்தாலே குமட்டுவது, வாய்ப்புண்ணுக்கு உப்புத் தண்ணீர் கொப்பளிப்பது. சிலிக்கன் மார்பு வாங்க வசதியில்லாத ஓர் அம்மா, பருத்தித் துணியில் பை தைத்து, பஞ்சு அடைத்து, பாரத்துக்குக் கொஞ்சம் கடுகும் வைத்து எனக்குக் காட்டியிருக்கிறார். அச்சு அசலாக இருந்தது. இப்படி ஒன்றைப் புத்தகத்தில் நான் படித்ததில்லை.

இதில் ஒன்றை மட்டும் சில்லறை என்று விடாதீர்கள். கீமோ நடக்கும் காலத்தில் காய்ச்சல் 38 பாகை செல்சியஸை, அதாவது பழைய கணக்கில் 100.4 ஐத் தொட்டால், பனடோல் போட்டுப் படுத்துவிடக் கூடாது. இரவானாலும் கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாகனம் இல்லாவிட்டால் 1990 அம்புலன்ஸ். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் சின்னக் கிருமியும் உயிருக்கு ஆபத்து. இது வைத்திய ஆலோசனை இல்லையா என்று கேட்பீர்கள். இது டொக்டரிடம் போகச் சொல்வது. அதைச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

மற்றவற்றுக்கு வாயை இறுக்கி மூடுங்கள். மார்பை முழுதாக எடுப்பதா, கட்டியை மட்டும் எடுப்பதா என்று கேட்டால், உங்களுக்கு முழுதாக எடுத்தார்கள் என்பதற்காக அதையே சொல்லாதீர்கள். பலருக்குக் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்ச் சிகிச்சை கொடுத்தாலே போதும். கிணற்றில் தண்ணீர் அள்ளலாமா, ஒப்பரேஷன் செய்த பக்கத்துக் கையில் பிரஷர் பார்க்கலாமா என்று கேட்டால், "நான் இதை பிசியோதெரபி மிஸ்ஸிட்டைக் கேட்டனான், நீரும் கேளும்" என்று சொல்லுங்கள். கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதிக் கொடுப்பது உங்களுக்குக் கை வந்த கலை, அதைச் செய்யுங்கள். அன்னமுன்னா இலை அவித்துக் குடித்தால் போகும் என்று கனடாவிலிருந்து வட்ஸ்அப்பில் கட்டாயம் வரும். அனுப்பிய மச்சாளோடு சண்டை வேண்டாம். குடிக்கிறது எதுவானாலும் டொக்டருக்குக் காட்டாமல் குடிக்க வேண்டாம், சில மூலிகைகள் கீமோ மருந்தோடு முட்டும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

"நான் இருந்து என்ன" என்ற மாதிரிப் பேச்சு வந்தால், நாள்கணக்காகச் சாப்பாடும் நித்திரையும் நின்றால், அதை இரகசியமாக உங்களுக்குள் பூட்டி வைக்காதீர்கள். "இதை மிஸ்ஸுக்குச் சொல்லப் போறன்" என்று அவரிடமே சொல்லிவிட்டு, வார்டிலோ கிளினிக்கிலோ சொல்லுங்கள். 1926 என்ற மனநல உதவி இலக்கத்தில் எந்த நேரத்திலும் தமிழிலேயே கதைக்கலாம். இந்த ஒன்றைத் தவிர, அங்கே கேட்டது எதுவும் உங்கள் படலையைத் தாண்டக் கூடாது. தாய் கேட்டாலும்.

உங்களுக்கும் எல்லை வேண்டும் ரீச்சர். போன முறை உங்களுக்கு அது இருக்கவில்லை என்று நினைக்கிறேன். ஒரு நேரத்தில் ஒருவர் போதும். போன் எத்தனை மணி வரை என்று முதலே சொல்லுங்கள். உங்களுக்குக் கிளினிக், ஸ்கான் என்று இருக்கிற கிழமையில் போகாதீர்கள். அந்தக் கிழமையில் உங்களுக்கே ஒருவர் தேவை.

உங்கள் கணவரைப் பற்றிக் கொஞ்சம். மகளின் கல்யாணத்தைச் சொல்கிறார். அது சும்மா சாட்டு என்று தள்ள மாட்டேன். "தாய்க்கு அந்த வருத்தமாம்" என்று சொல்லிச் சம்பந்தம் விலகிய வீடுகளை நானும் கண்டிருக்கிறேன். மார்பகப் புற்றுநோய்களில் பரம்பரையாக ஒரு தனி மரபணுவால் வருபவை நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்து வரைதான். உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்ததா, மகள் எந்த வயதில் இருந்து பரிசோதனை செய்ய வேண்டும் என்பதை உங்கள் டொக்டரிடம் ஒருமுறை கேளுங்கள். அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு, சம்பந்தக்காரருக்கு என்ன சொல்வது என்பதை மகளே தீர்மானிக்கட்டும். மறைத்துக் கட்டிக்கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அதுவும் ஆறு வருடமாக ஒழுங்கை முழுக்கத் தெரிந்த விஷயத்தை மறைக்கிறோம் என்று நினைப்பது எங்களுக்கு நாங்களே சொல்கிற கதை. தெரியாவிட்டால் அந்த அம்மா உங்களைத் தேடிப் பின்பக்கத்தால் வந்தது எப்படி?

ஆனால் இவர் "கிண்டுறீர்" என்றது கல்யாணத்தை நினைத்துத்தானா என்பது எனக்குச் சந்தேகம். கீமோ நாட்களில் வெளி வாங்கில் கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவர் அவர்தானே. அந்தத் தங்கச்சி இறந்த பிறகு நீங்கள் இருந்த இருப்பையும் பார்த்தவர் அவர். "உங்களுக்கு என்ன பயம்?" என்று ஒரு நாள் பின்னேரத் தேத்தண்ணியோடு கேட்டுப் பாருங்கள். ஆறு வருடத்தில் அவரை யாராவது அப்படிக் கேட்டிருப்பார்களோ தெரியாது.

ஆட்டைத் திவசத்துக்கு நீங்கள் போக வேண்டும். சொல்லியனுப்பியிருக்கிறார்கள். உங்களைப் பார்க்க விருப்பமில்லாத தாய் உங்களுக்குச் சொல்லியனுப்ப மாட்டார். உங்களைக் கண்டதும் அவர் அழுவார், என் பிள்ளை இல்லையே என்று நினைக்கவும் கூடும். நினைக்கட்டும். அது உங்கள் மேல் உள்ள கோபம் இல்லை. "ஏன் அண்டைக்கு வரேல்லை?" என்று கேட்டால், எனக்கு எழுதியதையே அவருக்கும் சொல்லுங்கள். முடிந்தால் வெங்காய விலை கதைத்ததையும், ஸ்கொலர்ஷிப் கதையையும் சொல்லுங்கள். மகளின் கடைசி இரண்டு வருடத்து இரவுகளில் அந்தத் தாய்க்குத் தெரியாத பாதி உங்களிடம்தான் இருக்கிறது.

ஒழுங்கைப் பிள்ளையிடம் போவது அதற்குப் பிறகு இருக்கட்டும். முதல் கீமோ எப்போது என்று மட்டும் அந்த அம்மாவிடம் இன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பொத்தான் வைத்த சட்டைக்கு அளவும் கேட்டால் நல்லது.